விதிக்கு வாதாடும் விசார்டு, வாயே திறக்காத ரோக், முடியாத கோப்ளின் சண்டை: புது டிஎம் எங்கிருந்து சரிசெய்வது?

புதிதாக டிஎம் (டஞ்சன் மாஸ்டர், அதாவது கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவர்) ஆன ஒருவர் கேட்ட கேள்வியின் சுருக்கம் இது. விளையாட்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு (ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவது), ஐந்து பிளேயர்கள், எல்லாரும் முதல் லெவல், மூன்று செஷன் முடிந்திருக்கிறது. விசார்டு (மந்திரவாதி) ஆடுபவர் விதிக்கு விதி மல்லுக்கு நிற்கிறார். ரோக் (பதுங்கித் திருடும் கேரக்டர்) ஆடுபவர் பேசுவதே இல்லை. ஆறு கோப்ளின்களோடு (குட்டிப் பூதங்கள்) தொடங்கிய சண்டை இரண்டு மணி நேரம் இழுத்து, முடிவு தெரியாமலே கலைந்தது. டிஎம் எழுதி வைத்திருந்த குகையை விட்டுவிட்டு, வழியில் எதிர்ப்பட்ட வணிகன் பின்னால் போக வேண்டும் என்று கூட்டம் அடம் பிடிக்கிறது.

இவை நான்கு தனிப் பிரச்சினைகள் போலத் தெரியும். எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது: சொல்லவேண்டியதை டிஎம் பகடை விழுந்த பிறகு சொல்கிறார். எந்தப் புத்தகத்தின் விதி செல்லும், தோற்றால் என்ன ஆகும், கோப்ளினின் ஏசி (அதன் மேல் அடி பட, தாக்குதல் பகடை எட்ட வேண்டிய எண்) எவ்வளவு, குகைக்கு ஏன் போக வேண்டும் என்பதெல்லாம் பகடை கையில் இருக்கும்போதே மேசைக்கு வந்துவிட்டால், சண்டை பாதியாகக் குறையும். பிளேயர்களுக்குள் நடக்கும் சண்டையும் சேர்த்துத்தான்.

முதலில் பகடை. ஒருவர் எதையாவது செய்கிறேன் என்றதும் "உருட்டுங்க" என்று சொல்லும் பழக்கத்தை விடுங்கள். அது நடக்கக்கூடியதா, தோற்கவும் கூடியதா, தோற்றால் ஏதாவது மாறுமா என்று மூன்றையும் பாருங்கள். ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் பகடை தேவையில்லை. நடந்தது, அல்லது நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு நகருங்கள். மூன்றும் ஆம் என்றால் இலக்கு எண்ணையும் விளைவையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இலக்கு 15. தவறினால் பூட்டு திறக்கும், ஆனால் சத்தம் காவலாளிக்குக் கேட்கும்." இப்படிச் சொன்ன பிறகு யாரும் தீர்ப்பை எதிர்த்து வாதாடுவதில்லை. வாதாட வேண்டியவர் உருட்டுவதற்கு முன்பே வாதாடியிருப்பார். அந்த வாதம் பயனுள்ள வாதம்.

புத்தகத்தில் 10 எளிது, 15 நடுத்தரம், 20 கடினம். முதல் லெவலில் தேர்ச்சி உள்ள ஒருவருக்கு, இருபதுபக்கப் பகடையில் விழுவதோடு கூட்டும் எண் +5 இருக்கும். அவருக்கு 15 என்பது 55 சதவீத வாய்ப்பு. தேர்ச்சியும் இல்லை, திறன் எண்ணும் சராசரி என்றால் 30 சதவீதம்தான். "நடுத்தரம்" என்ற சொல்லை நம்பி எல்லாவற்றுக்கும் 15 போட்டால், தேர்ச்சி பெற்றவரே கிட்டத்தட்டப் பாதி நேரம் தடுக்கி விழுவார்.

இதைவிடப் பெரிய பிழை பல முறை உருட்ட வைப்பது. அதே +5 உள்ள ரோக் நான்கு காவலாளிகளைத் தாண்டிப் பதுங்கிப் போகிறான். ஆளுக்கு ஒரு உருட்டல் கேட்டால் நான்கும் தப்புவதற்கான வாய்ப்பு 9 சதவீதம். ஒருவழியாகப் பிடிபடத்தான் போகிறான், டிஎம் அதைத் தவணை முறையில் சொல்கிறார், அவ்வளவுதான். ஒரு முயற்சிக்கு ஒரே உருட்டல் போதும். கூட்டமாகப் பதுங்கினால் எல்லாரும் உருட்டட்டும், பாதிப் பேர் தேறினால் கூட்டமே தேறியது என்ற குழுச் சோதனை விதி புத்தகத்திலேயே இருக்கிறது. நான்கு பேருக்கும் 55 சதவீதம் என்றால் கூட்டத்துக்கு 76 சதவீதம் வருகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒருவர் தோற்றதும் "நானும் பார்க்கிறேன்" என்று ஐந்து பேரும் வரிசையாக உருட்டினால், 30 சதவீத வாய்ப்பு 83 ஆகிவிடும். இலக்கு எண்ணுக்கு அர்த்தமே இல்லை. முதல் முயற்சிதான் கூட்டத்தின் முயற்சி, மற்றவர் உதவலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதவி கிடைத்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். 55 சதவீதம் 80 ஆகும். போதாதா? இன்னொன்று: 20 விழுந்தால் தானாக வெற்றி என்பது தாக்குதலுக்கு மட்டும். திறன் சோதனைக்கு அப்படி விதி இல்லை. பலர் இருப்பதாகவே நினைத்து ஆடுகிறார்கள்.

அடுத்து விதி வாதம். விசார்டு ஆடுபவரை எதிரியாகப் பார்க்க அவசரப்பட வேண்டாம். அவர் சொல்லும் விதி சில நேரம் பூதங்களுக்குச் சாதகமாகவும் இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அவர் விதி மேல் பற்றுள்ளவர். மேசைக்குக் கிடைத்த வரம். தனக்குச் சாதகமானபோது மட்டும் பக்கத்தைப் புரட்டுகிறார் என்றால் அது வேறு வகை. முதல் வகைக்கு வேலை கொடுங்கள்: இன்னொருவர் முறை நடக்கும்போது அவர் பக்கத்தைத் தேடி எடுத்து வைக்கட்டும்.

ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: மேசையில் இருப்பது 2014 புத்தகமா, 2024 புத்தகமா? இரண்டும் ஒரே விளையாட்டு, ஒரே சொற்கள், உள்ளே மட்டும் வேறு. 2014 விதியில் எதிர்பாராமல் சிக்கியவருக்கு முதல் சுற்று முறையே போய்விடும். 2024 விதியில் இனிஷியேட்டிவ் (யார் முறை முதலில் என்று முடிவு செய்யும்) உருட்டலில் இரண்டு பகடையில் சிறியதை எடுக்கிறார், முறை போவதில்லை. குணமாக்கும் மருந்தைக் குடிப்பது 2014இல் முழு ஆக்‌ஷன், 2024இல் அதற்கு மேல் கிடைக்கும் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன். போனஸ் ஆக்‌ஷனில் ஒரு மந்திரம் போட்டால் அதே முறையில் அதோடு கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவாகாத சின்ன மந்திரம்) மட்டுமே போடலாம் என்பது பழைய விதி. ஒரு முறைக்கு ஒரு ஸ்பெல் ஸ்லாட் (பெரிய மந்திரத்துக்குச் செலவாகும் ஒதுக்கீடு) மட்டுமே செலவழிக்கலாம் என்பது புதியது. ஒருவர் கையில் பழையது, இன்னொருவர் போனில் புதியது என்றால் இரண்டு பேரும் சரியாகவே இருந்துகொண்டு இரவு முழுக்கச் சண்டை போடலாம். எது செல்லும் என்று ஒன்றை அறிவியுங்கள். கலக்காதீர்கள்.

ஆட்டத்தின் நடுவே சந்தேகம் வந்தால் இரண்டு நிமிடம். அதற்குள் பக்கம் கிடைத்தால் அதன்படி. கிடைக்காவிட்டால் டிஎம் சொல்வது இன்றைக்குச் செல்லும். ஒரு தாளில் குறித்துக்கொண்டு, செஷன் முடிந்ததும் தேடி, சரியான விதியை அடுத்த செஷனிலிருந்து பின்பற்றுங்கள். நடந்ததைத் திரும்பச் சுற்றுவது கூடாது. ஒருமுறை செய்தால் பிறகு ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். விதிவிலக்கு ஒன்றுதான்: ஒரு கேரக்டரின் உயிர் அந்த விதியில் தொங்குகிறது என்றால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தேடுங்கள், பத்து நிமிடம் ஆனாலும் சரி.

புது டிஎம்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில. கான்சன்ட்ரேஷன் (கவனம் கலையாமல் பிடித்து வைத்திருப்பது) தேவைப்படும் மந்திரம் ஒரு நேரத்தில் ஒன்றுதான். அடிபட்டால் 10 அல்லது வாங்கிய அடியில் பாதி, எது பெரிதோ அதை இலக்காக வைத்து கான்ஸ்டிடியூஷன் சேவ் (மந்திரத்தைக் காக்கும் உடல் உறுதிச் சோதனை) உருட்ட வேண்டும். இதைப் பாதி மேசைகளில் மறந்துவிடுகிறார்கள், பிறகு மந்திரவாதிகள் மிஞ்சிப் போகிறார்கள் என்று புலம்புகிறார்கள். எதிரியின் எட்டும் தூரத்துக்குள்ளேயே சுற்றி வந்தால் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் (விலகிப் போகிறவர் மேல் எதிரி போடும் இலவச அடி) கிடையாது, அதைவிட்டு வெளியேறும்போதுதான். ரோக்கின் ஸ்னீக் அட்டாக்குக்கு (அடியோடு சேரும் கூடுதல் சேதப் பகடை) ஒளிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இலக்கிலிருந்து 5 அடிக்குள் கூட்டாளி ஒருவர் தெம்பாக நின்று, ரோக்குக்கு டிஸட்வான்டேஜும் (இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுக்கும் நிலை) இல்லாமல், பொருத்தமான ஆயுதமும் இருந்தால் போதும். "ஒவ்வொரு சுற்றும் கூடுதல் பகடையா, ரொம்ப அதிகம்" என்று அதைப் பறிப்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கு இல்லாமல் ரோக் ஒரு கத்தி வைத்திருக்கும் வழிப்போக்கன். உங்கள் ரோக் ஏன் பேசாமல் இருக்கிறார் என்பதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்த விதி சேர்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். 1 விழுந்தால் வாள் நழுவும் என்பது அவற்றில் மிகப் பிரபலம், மிக மோசமும் அதுதான். ஃபைட்டர் ஐந்தாம் லெவலில் ஒரு முறைக்கு இரண்டு தடவை வெட்டுகிறார். ஏதாவது ஒன்றில் 1 விழ 10 சதவீத வாய்ப்பு. பதினொன்றாம் லெவலில் மூன்று வெட்டு, 14 சதவீதம். இருபதாம் லெவலில் நான்கு வெட்டு, 19 சதவீதம். வாள் பயிற்சி ஏற ஏற வாளைக் கீழே போடும் வித்தை! நெருப்புக் குண்டு வீசும் விசார்டோ தாக்குதல் பகடையே உருட்டுவதில்லை, எதிரிதான் உருட்டுகிறார். எந்தச் சொந்த விதியையும் இப்படி யாரை அடிக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்து, மூன்று செஷனுக்கு மட்டும் சோதனையாக வையுங்கள்.

இனி அந்த இரண்டு மணி நேரச் சண்டை. ஐந்து பேர், ஆறு கோப்ளின்கள், மொத்தம் 11 முறைகள். முறைக்கு இரண்டு நிமிடம் என்றாலும் ஒரு சுற்றுக்கு 22 நிமிடம். நான்கு சுற்றில் ஒன்றரை மணி நேரம் போய்விடும். பகடை உருள்வதற்கு ஆகும் நேரம் இதில் கொஞ்சம்தான். என்ன செய்வது என்று யோசிப்பதற்குத்தான் நேரம் கரைகிறது, யோசிப்பவர் தன் முறை வந்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறார்.

ஆகவே ஒவ்வொரு முறையும் இரண்டு பெயர் சொல்லுங்கள்: "இப்போது கிளெரிக், அடுத்து விசார்டு, தயாராக இருங்க." இனிஷியேட்டிவ் வரிசையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மடித்த அட்டைகளில் எழுதி டிஎம் திரையின் மேல் மாட்டுங்கள். தாக்குதல் பகடையையும் சேதப் பகடையையும் ஒன்றாக உருட்டச் சொல்லுங்கள். கோப்ளின்கள் எல்லாவற்றுக்கும் ஒரே இனிஷியேட்டிவ். அல்லது மூன்று மூன்றாக இரண்டு கூட்டம். கோப்ளின் அடித்தால் சேதம் உருட்ட வேண்டாம், புள்ளிவிவரத்திலேயே சராசரி 5 என்று அச்சாகியிருக்கிறது, அதையே எடுங்கள். முதல் சுற்று முடிந்ததும் ஏசி 15 என்பதைச் சொல்லிவிடுங்கள். "17, பட்டதா?" "ம், பட்டது" என்ற உரையாடல் ஒரு சண்டையில் முப்பது தடவை நடக்கிறது, அது முழுக்க மிச்சம். அரை நிமிடமாகியும் முடிவு வரவில்லை என்றால் கேரக்டர் டாட்ஜ் செய்து தற்காத்துக்கொள்கிறது என்று வைத்து அடுத்தவருக்குப் போங்கள். இரண்டு முறை நடந்தால் மூன்றாம் முறை தேவைப்படாது.

முடிவு தெரிந்த சண்டையைக் கடைசி ஹெச்பி (உயிர்ப் புள்ளி) வரை நடத்துவது வீண். 1981இல் வந்த பேசிக் பதிப்பில் மன உறுதிக்கென ஓர் எண் உண்டு: முதல் ஆள் விழும்போதும் பாதிப் பேர் விழும்போதும் இரண்டு ஆறுபக்கப் பகடை உருட்டி, எண்ணைத் தாண்டினால் எதிரி ஓடுவான் அல்லது சரணடைவான். ஐந்தாம் பதிப்பு மேசைக்கு இதைத் தாராளமாகக் கடன் வாங்கலாம். கோழைக் கோப்ளின்களுக்கு 7 வைத்தால் ஒவ்வொரு சோதனையிலும் ஓடும் வாய்ப்பு 42 சதவீதம். ஓடினவன் தகவல் கொண்டுபோவான், பிடிபட்டவன் தகவல் தருவான். பிணம் ஒன்றும் தராது.

ஆறு கோப்ளின் அதிகமா என்பதற்கும் இரண்டு புத்தகம் இரண்டு பதில் சொல்கிறது. 2014 கணக்கில் கோப்ளினுக்கு 50 அனுபவப் புள்ளி வீதம் 300. மூன்று முதல் ஆறு எதிரிகள் என்றால் இரட்டிப்பு, 600. முதல் லெவல் ஐந்து பேருக்கு உயிருக்கு ஆபத்தான எல்லை 500தான். 2024 கணக்கில் அந்த இரட்டிப்பே இல்லை. வெறும் 300 என்பது எளிய சண்டைக்கான 250க்கும் நடுத்தரமான 375க்கும் இடையில் விழும். முதல் லெவலில் பழைய கணக்கின் எச்சரிக்கையையே நான் நம்புவேன். கோப்ளின்களுக்குச் சுற்றுக்கு ஆறு முறை அடிக்கும் வாய்ப்பு கிடைக்கிறது, உங்கள் விசார்டுக்கு ஹெச்பி 8.

புள்ளிக் கணக்கும் முழு உண்மை சொல்வதில்லை. ஒற்றை ஓகருக்கு (பெரிய அரக்கன்) 450 புள்ளி, ஐந்து பேருக்குப் பழைய கணக்கில் கடினமான சண்டை, அவ்வளவுதான். ஆனால் ஓகரின் அடி இரண்டு எட்டுபக்கப் பகடையோடு 4. விழுந்த பிறகு மிஞ்சும் சேதம் அதிகபட்ச ஹெச்பியைத் தொட்டால் உடனடிச் சாவு, அதாவது 8 ஹெச்பி விசார்டுக்கு ஒரே அடியில் 16. ஓகரின் சாதாரண அடியிலேயே 23 சதவீதம் அந்த அளவைத் தொடும் அல்லது தாண்டும். பழைய புத்தகத்தில் அதே ஓகருக்கு உள்ள 59 ஹெச்பியோ மூன்றாம் சுற்றில் தீர்ந்துவிடும்: ஐந்து பேர், 60 சதவீத வாய்ப்பு, சராசரி 8 சேதம், சுற்றுக்கு 24. ஆகக் கொன்றாலும் சப்பென்று இருக்கும், கொல்லப்பட்டாலும் அநியாயமாக இருக்கும். ஒற்றை எதிரிக்கு இரண்டு மூன்று சின்ன அடியாட்களைச் சேருங்கள், அல்லது நோக்கத்தை மாற்றுங்கள்: ஐந்து சுற்றுக்குள் கதவை மூட வேண்டும், கைதியை வெளியே கொண்டுவர வேண்டும். பகடையைத் திரைக்குப் பின்னால் மாற்றிச் சொல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அதற்குப் பிறகு எந்த வெற்றியும் அவர்களுக்குச் சொந்தமாகத் தெரியாது. கைகலப்பில் 0 ஹெச்பிக்கு இறக்கும் அடியைக் கொல்லாத அடியாக்கும் வழி விதியிலேயே இருக்கிறது. கோப்ளின்களுக்கும் பணயக்கைதி வேண்டும்தானே.

ஆட்களைப் பற்றி. பேசாதவரைப் பார்த்து "நீங்க என்ன செய்றீங்க?" என்று கேட்டால் எல்லாக் கண்ணும் அவர் மேல் திரும்பும், அவர் இன்னும் சுருங்குவார். கேரக்டர் பெயரைச் சொல்லி, குறுகலான கேள்வி கேளுங்கள்: "ஃபைட்டர் கதவோடு மல்லுக்கட்டும்போது நீ தாழ்வாரத்தைப் பார்க்கிறாயா, மேசையில் இருக்கும் பெட்டியைப் பார்க்கிறாயா?" அதிகம் பேசுபவரிடம் கேட்கும் முன் இவரிடம் கேளுங்கள். அவர் கேரக்டர் ஷீட்டில் இருக்கும் ஒன்றை, பூட்டுத் திறக்கும் கருவியையோ திருடர் பாஷையையோ, ஒவ்வொரு செஷனிலும் ஒரு இடத்தில் தேவைப்பட வையுங்கள். தனியாக ஒருமுறை விசாரியுங்கள். பார்த்துக்கொண்டிருப்பதே பிடித்திருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் விட்டுவிடுங்கள். போனை நோண்டுகிறவரைத் திட்டுவதற்கு முன் அவர் முறை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று பாருங்கள்.

கூட்டாளியின் பையிலேயே திருடிவிட்டு "என் கேரக்டர் அப்படித்தான்" என்று ஒருவர் சொல்வார். இதற்குப் பகடை வேண்டாம். ஒரு பிளேயர் இன்னொரு பிளேயர் மேல் செய்யும் செயலின் முடிவை, யார் மேல் செய்யப்படுகிறதோ அவர் தீர்மானிக்கட்டும். தொல்லை தொடர்ந்தால் மேசைக்கு வெளியே தனியாகப் பேசுங்கள், என்ன செய்தார், அது யாரைப் பாதித்தது என்று மட்டும். வானத்திலிருந்து இடியை இறக்கி அவர் கேரக்டருக்குப் பாடம் புகட்டுவதால் தொல்லை மேசையை விட்டுக் கதைக்குள் குடியேறும், வேறொன்றும் நடக்காது.

முதல் செஷனுக்கு முன்பே பேசியிருக்க வேண்டிய விஷயங்களை இப்போது பேசினாலும் தாமதமில்லை. கேரக்டர் சாகலாமா, கதையில் எது வரவே கூடாது, ஐந்தில் எத்தனை பேர் வந்தால் ஆட்டம் நடக்கும் என்பவை. மூன்று பேர் வந்தால் ஆடுவது என்பது நல்ல விதி. ஐந்து பேரும் வரும் நாளுக்குக் காத்திருக்கும் கேம்பெய்ன் (பல செஷன் நீளும் தொடர்கதை) தானாகச் செத்துப்போகும். பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டையை மேசை நடுவில் வையுங்கள். யார் தொட்டாலும் அந்தக் காட்சியை ஏன் என்று கேட்காமல் தாண்டிவிட வேண்டும்.

கடைசியாக வணிகன். கூட்டம் தடம் மாறிவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவர்களுக்கு அந்தத் தடம் தெரியுமா? குகைக்குப் போகக் காரணம் ஒரே ஒரு தடயமாக இருந்து, அதுவும் ஓர் உருட்டலுக்குப் பின்னால் இருந்தால், அது அவர்களுக்குக் கிடைக்காமலே போயிருக்கும். 60 சதவீத வாய்ப்புள்ள தடயத்தை மூன்று இடத்தில் வைத்தால் ஒன்றாவது கிடைக்க 94 சதவீதம். அதைவிட எளிது, கதை நகரத் தேவையான தடயத்தைச் சும்மா கொடுப்பது. உருட்டுவது கூடுதல் விவரத்துக்கு இருக்கட்டும்.

தயாரிப்பிலும் சம்பவங்களை வரிசையாக எழுதாதீர்கள். யாருக்கு என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று எழுதுங்கள். ஒரு வட்டம் வரைந்து ஆறாகப் பிரியுங்கள். கூட்டம் குகையைப் புறக்கணிக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு பங்கை நிரப்புங்கள், நிரம்பியதும் கோப்ளின்கள் ஊருக்குள் வரும். மூன்று பங்கு நிரம்பும்போது அதன் அறிகுறி கூட்டத்தின் கண்ணில் பட வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் தண்டனை. பத்துப் பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும், ஒவ்வொன்றும் வேறு எழுத்தில் தொடங்கட்டும். டிஎம் தடுமாறி ஒரு பெயரைக் கண்டுபிடித்தால் அந்த ஆள் முக்கியமில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். செஷன் முடியும்போது "அடுத்த முறை எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டு, அதை மட்டும் தயாரியுங்கள். நடுவில் கை வறண்டுபோனால் பத்து நிமிடம் இடைவேளை கேளுங்கள்.

அடுத்த செஷனின் முதல் கால் மணி நேரத்தைப் புத்தகம் எது, இரண்டு நிமிட விதி, ஆள் கணக்கு, அட்டை ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். பாதியில் விட்ட சண்டையை அதே சுற்றிலிருந்து தொடர வேண்டாம். இத்தனை ஆள் விழுந்த பிறகு மிச்சக் கோப்ளின்கள் மிரண்டு ஓடுகின்றன, ஒன்று மட்டும் ரோக்கின் காலடியில் தடுக்கி விழுகிறது என்று தொடங்குங்கள். அதன் இடுப்பில் அந்த வணிகனின் முத்திரை போட்ட பை தொங்கட்டும், அது ஓடப் பார்த்த திசையில் குகை இருக்கட்டும். என்ன செய்வது என்று முதலில் ரோக்கிடம் கேளுங்கள்.